உறைபனி வரும் முன் மீன்குளத்தில் செய்யக் கூடாதவை

ஊட்டியில் காந்தல், தலைகுந்தா பக்கம் உறைபனி பிடித்த காலையில் புல்லெல்லாம் உப்பைத் தூவினாற்போல் வெளுத்துக் கிடக்கும். அன்றைக்குத் தோட்டத்து மீன்குளத்தை எட்டிப் பார்த்தால் மீன்கள் அடியில் அசையாமல் நிற்கும். அதைப் பார்த்துப் பதறி நாம் செய்கிற காரியங்கள்தான் பெரும்பாலும் அவற்றின் உயிரை வாங்குகின்றன.

வெளிநாட்டு வீடியோக்களைப் பார்த்துவிட்டு, குளம் உறைந்துவிடுமோ என்று கவலைப்படுகிறோம். ஊட்டியில் மூன்றடி ஆழக் குளம் உறையாது. வாளித் தண்ணீரில் மெல்லிய பனி ஏடு பிடித்தால் உண்டு. இங்கே கவனிக்க வேண்டியது சூட்டின் ஏற்ற இறக்கத்தை. ஜனவரியில் விடியற்காலை பூஜ்ஜியத்தை ஒட்டி இருக்கும், மதியம் 20 டிகிரி வெயில் அடிக்கும். தண்ணீரின் சூடு எதுவோ அதுதான் மீனின் உடம்புச் சூடும். ஒன்றரை அடித் தொட்டியில் இந்த ஆட்டம் முழுவதையும் மீன்தான் தாங்க வேண்டும்.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, சாயங்காலம் தீனி போடுவது. வெயிலில் மேல்தண்ணீர் சூடானதும் மீன்கள் வாயைத் திறந்துகொண்டு மேலே வரும், பார்க்கிற நமக்கு மனசு கேட்காது. நானும் அப்படித்தான் நாலு மணிக்கு ஒரு கைப்பிடி போட்டேன். ராத்திரி குளிர்ந்ததும் செரிமானம் நின்று, தின்றது வயிற்றிலேயே தங்கிவிட்டது. ஒரே வாரத்தில் மூன்று தங்கமீன்கள் வயிறு உப்பி ஒருக்களித்து மிதந்தன. இப்போது ஒரு தெர்மாமீட்டரை நூலில் கட்டி, குளத்தின் நடு ஆழத்துக்கு இறக்கி, காலையில் பார்க்கிறேன். 10 டிகிரிக்குக் கீழே என்றால் அன்று தீனி கிடையாது. 10க்கும் 15க்கும் நடுவில் என்றால் கோதுமை முளை கலந்த தீனி கொஞ்சம், அதுவும் மதியத்துக்குள். பட்டினி போடுகிறோமே என்று வருந்த வேண்டாம். கொழுத்த கெண்டை வாரக்கணக்கில் தாங்கும்.

மீன் விறைத்து நிற்கிறதே என்று வெந்நீரை ஊற்றுவது அடுத்த தவறு. அந்தத் திடீர் மாற்றம் குளிரைவிடக் கொடியது. குழாய்த் தண்ணீரை நேராக விடுவதும் அப்படியே. குளோரின் போக ஒரு நாள் டிரம்மில் பிடித்து வைத்து, கொஞ்சம் கொஞ்சமாகச் சேருங்கள்.

சில்வர் ஓக், யூகலிப்டஸ் இலைகளை அக்டோபரிலேயே வாரிவிட வேண்டும். ஆகாயத்தாமரை பனியில் கருகி அப்படியே குளத்தில் அழுகும், அதையும் எடுத்துவிடுங்கள். இதை விட்டுவிட்டு ஜனவரியில் அடிச்சேற்றைக் கலக்கினால் அழுகல் முட்டை நாற்றத்தோடு விஷவாயு கிளம்பும். ஃபில்டர் ஸ்பாஞ்சைக் குழாயில் கழுவாதீர்கள். குளிரில் ஏற்கெனவே சோர்ந்திருக்கும் நல்ல பாக்டீரியாவும் போய்விடும். குளத்துத் தண்ணீரிலேயே பிழிந்தால் போதும்.

பம்ப் அடியில் கிடந்தால் ஓரடி உயர்த்தி வையுங்கள். மீன் ஒதுங்கும் அடித்தண்ணீரை ராத்திரியில் கலக்கக் கூடாது.

பாலிதீனை இறுக்கமாகப் போர்த்துகிறவர்களும் உண்டு. காற்றுப் போக வழியில்லாமல் தண்ணீரில் பிராணவாயு குறையும். உறைபனி மேலிருந்து விழுவதில்லை. மேகமில்லாத இரவில் தரையும் தண்ணீரும் தங்கள் சூட்டை வானத்துக்கு இழக்கின்றன. அதைத் தடுக்கத்தான் தாவரவியல் பூங்காவில் செடிகளை மூடி வைக்கிறார்கள். குளத்துக்கும் மூங்கில் சட்டத்தில் ஷேட் நெட் கட்டி, ஒரு சாண் உயரத்தில் நிறுத்தி, காலையில் எடுத்துவிடலாம்.

கடைசியாக, எந்த மீன் என்பது. கண்ணாடிக் கெண்டையை 1939-இல் இலங்கையிலிருந்து கொண்டுவந்து ஊட்டியில் விட்டார்கள். அந்த இனம் இந்தக் குளிரில் நன்றாகவே பெருகியது. கோய், சாதாரண தங்கமீன் எல்லாம் கெண்டைக் குடும்பம்தான். கப்பி, மோலி, ஏஞ்சல் அப்படியல்ல, குளிர் தாங்காது, அவற்றை நவம்பருக்குள் வீட்டுக்குள் கொண்டுபோய்விடுங்கள். உருண்டை உடம்பு ஒராண்டா வகைத் தங்கமீனையும் வெளியே விட எனக்கு மனமில்லை.

பிப்ரவரி முடிந்ததும் அவசரப்பட்டுப் பழைய அளவுக்குத் தீனி போட வேண்டாம். காலைத் தண்ணீர் ஒரு வாரம் தொடர்ந்து 15 டிகிரியைத் தாண்டட்டும், அப்புறம் கூட்டிக்கொள்ளலாம்.