டிக்கெட்ல இருக்குற டைம கழிச்சு ஏமாறாதீங்க

பாண்டில நிறைய வீட்டுல ஒருத்தராவது பிரான்ஸ்ல இருப்பாங்க, அதனால இது நிறைய பேருக்கு யூஸ் ஆகும். லாஸ்பேட்டைல எங்க அத்த, அவங்க மவன பாக்க பாரிஸ் கெளம்புனாங்க, முறுக்கு டப்பாவுக்கு டேப் ஒட்டிக்கிட்டே டிக்கெட்ட காட்டி "நைட்டு ஒன்றரைக்கு ஏறுனா காலைல எட்டரைக்கு எறங்கிரலாம், ஏழு மணி நேரந்தானடா"ன்னாங்க. அங்கதான் தப்பு, டிக்கெட்ல போட்டிருக்குறது அந்தந்த ஊரு லோக்கல் டைம். பாரிஸ் நமக்கு பின்னாடி, மார்ச் கடைசி ஞாயிறுலேந்து அக்டோபர் கடைசி ஞாயிறு வரைக்கும் மூன்றரை மணி நேரம், மத்த மாசத்துல நாலரை. அத கூட்டுனா சம்மர்ல பத்தரை மணி நேரம், மாத்திரை சாப்புடுறவங்க இத வச்சுதான் கணக்கு போடணும்.

டிக்கெட் இல்லாமயே தோராயமா தெரியணும்னா தூரத்த 800ஆல வகுத்து அரை மணி நேரம் சேத்துக்கோங்க, சென்னை டு பாரிஸ் நேர்கோடா சுமார் 8,000 கிலோமீட்டர், அதே பத்தரைதான் வருது பாருங்க. ஸ்டாப் இல்லாத ஃப்ளைட்டுக்கு மட்டுந்தான் இந்த கணக்கு. திரும்பி வரும்போது மேக்கேந்து கெழக்க அடிக்கிற மேல்காத்து பின்னாடிலேந்து தள்ளி விடுறதால கொஞ்சம் சீக்கிரமே வந்துரும்.

அப்புறம் பாண்டிலேந்து ஈசிஆர்ல சென்னை ஏர்போர்ட்டுக்கு மூணு மணி நேரம், அங்க மூணு மணி நேரம் முன்னாடியே இருக்கணும், ஒன்றரை மணி ஃப்ளைட்டுன்னா சாயந்தரம் ஏழுக்கே கெளம்பிருங்க. தேதியையும் பாத்துக்கோங்க, நைட்டு 12 தாண்டிட்டா மறுநாள் தேதி, அதாவது 15ன்னு போட்டிருந்தா 14 சாயந்தரமே வண்டி ஏறணும்.