டப்ளினுக்கு வெளியே கோல்ஃப் ஹோட்டல்: அப்பாவோடு மூன்று இரவு தங்கியதில் தெரிந்துகொண்டவை

அப்பா நீலகிரியில் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்தவர். கோல்ஃப் ஆடப் பழகியதும் அந்த மலையில்தான். நான் அயர்லாந்தின் தலைநகர் டப்ளினில் வேலை பார்க்கிறேன், கோல்ஃப் மட்டையைக் கையில் எடுத்ததே இல்லை. போன மே மாதம் அவர் என்னைப் பார்க்க வந்தபோது, நகரத்துக்கு வடகிழக்கே கடலோரம் இருக்கும் போர்ட்மார்னாக்கில் மூன்று இரவு தங்கினோம். ஆடுகிறவரும் ஆடாதவரும் சேர்ந்து போனால் இரண்டு பேருக்கும் அந்த மூன்று நாள் நிறைவாக இருக்க வேண்டும். அதற்கு என்ன செய்யலாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் விசா. இந்தியப் பாஸ்போர்ட்டில் வருகிறவர்களுக்கு, பல ஐரோப்பிய நாடுகளுக்கும் பொதுவான ஷெங்கன் விசா அயர்லாந்தில் செல்லாது. பாரிஸ், ரோம் பார்த்துவிட்டு அப்படியே இங்கே வரலாம் என்று நினைத்து டிக்கெட் போட்டுவிடாதீர்கள். அயர்லாந்து விசா தனியாக எடுக்க வேண்டும்.

அடுத்தது பெயர்க் குழப்பம். போர்ட்மார்னாக் ரிசார்ட் என்பது ஹோட்டல், அதற்குச் சொந்தமாக ஒரு மைதானம் உண்டு. பக்கத்திலேயே இருக்கும் போர்ட்மார்னாக் கோல்ஃப் கிளப் 1894இல் தொடங்கிய உறுப்பினர் கிளப். இரண்டும் வேறு வேறு. நான் டாக்ஸியில் ஏறி "போர்ட்மார்னாக் கோல்ஃப்" என்று மட்டும் சொன்னதால் கிளப் வாசலில் போய் இறங்கினோம். ஹோட்டல் என்று சேர்த்துச் சொல்லுங்கள். ஆட நேரம் பதிவு செய்யும்போதும் எந்த மைதானம் என்று ஒருமுறை சரிபாருங்கள். ஹோட்டல் இருப்பது ஜேம்ஸன் விஸ்கி குடும்பத்தார் வாழ்ந்த பழைய வீட்டில். அந்த ஹோட்டலின் மைதானத்தை 1990களில் வடிவமைத்தவர் ஜெர்மனியின் கோல்ஃப் வீரர் பெர்ன்ஹார்ட் லாங்கர். அவர் பெயரைக் கேட்டதுமே அப்பா நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார்.

அறை எடுக்கும்போது எந்தப் பக்கம் பார்த்த அறை என்று கேளுங்கள். ஆடாதவர் அறையில் அதிக நேரம் இருப்பார் என்றால் கடல் பக்கம் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தாலும் தகும். ஊரிலிருந்து வருகிறவர்கள் பிளக் அடாப்டர் மறக்க வேண்டாம். இங்கே பிரிட்டனில் உள்ள அதே சதுர முனை மூன்று பின்தான், நம் ஊர் உருண்டைப் பின் நுழையாது.

இனி ஆட்டம். இது லிங்க்ஸ் வகை மைதானம்: மரம் கிடையாது, கடலோர மணல்மேடு, அதன்மேல் கட்டையான புல், ஆழமான மணல் பள்ளங்கள், ஓயாத காற்று. ஊட்டியில் ஆடிப் பழகிய அப்பா முதல் நாள் பந்தை உயரத் தூக்கி அடித்தார். காற்று அதை எடுத்துக்கொண்டு போய் நெட்டைப் புல்லுக்குள் போட்டது. தரை கெட்டியாக இருப்பதால் பந்து நன்றாக உருளும், அதனால் தாழ அடித்து ஓடவிடுவதுதான் இங்கே வழி. குழியைச் சுற்றியுள்ள வழவழப்பான புல்தரையான கிரீனுக்குச் சற்று வெளியே பந்து நின்றால், தரையோடு உருட்டும் மட்டையான புட்டரைத் தயங்காமல் எடுக்கலாம். இரண்டாம் நாள் அப்படித்தான் ஆடினார், முகம் மலர்ந்து திரும்பினார்.

மட்டைகளை ஊரிலிருந்து சுமந்து வர வேண்டாம், வாடகைக்கு எடுக்கலாம். முன்கூட்டியே சொல்லி வையுங்கள், இடக்கைக்காரர் என்றால் கட்டாயம். ஷூவும் கையுறையும் சொந்தமாக இருக்கட்டும். காலர் வைத்த சட்டை, ஜீன்ஸ் அல்லாத கால்சட்டை, நல்ல மழைக்கோட்டு மூன்றும் வேண்டும். குடை இந்தக் காற்றில் நிற்காது. ஆடுகிறவரின் திறமையைக் காட்டும் எண்ணான ஹேண்டிகேப்புக்குச் சான்று இருந்தால் எடுத்து வாருங்கள், கேட்கிற மைதானங்கள் உண்டு.

மே நடுவில் இங்கே சூரியன் மறைய இரவு ஒன்பதேகால் தாண்டும். பதினெட்டு குழியும் ஆட நான்கு மணி நேரத்துக்கு மேல் ஆகும். மாலை நான்கு மணிக்குத் தொடங்கினாலும் வெளிச்சத்திலேயே முடிக்கலாம், அந்த நேரத்தில் கூட்டமும் கட்டணமும் பெரும்பாலும் குறைவு. டிசம்பரில் நாலேகாலுக்குள் இருட்டிவிடும், கோல்ஃபுக்காக அப்போது வராதீர்கள்.

ஆடாதவர்களுக்கு என் ஒரே வற்புறுத்தல்: ஒரு நாளாவது கூடவே நடங்கள். வரவேற்பில் கேட்டுக்கொண்டு, அடிக்கிறவருக்குப் பின்னால் நின்று, பேசாமல் நடந்தால் போதும். நான் அப்பாவின் டிராலியைத் தள்ளிக்கொண்டு போனேன். ஓரமெல்லாம் மஞ்சளாகப் பூத்த ஒரு முட்புதர். அப்பா நின்று, "இது நம்ம ஊட்டிச் செடிம்மா" என்றார். உண்மைதான். கோர்ஸ் என்ற இந்த முட்செடி ஐரோப்பாவிலிருந்து நீலகிரிக்குப் போய் அங்கே காடாக மண்டிக் கிடக்கிறது. இங்கே இது சொந்த மண்ணில் நிற்கிறது. பூவை முகர்ந்து பாருங்கள், தேங்காய் வாசம் அடிக்கும். நாங்கள் இருவரும் அங்கேயே நின்றுவிட்டோம், பின்னால் வந்த குழுவுக்கு வழிவிட வேண்டியதாயிற்று.

ஹோட்டலுக்கு முன்னாலேயே வெல்வெட் ஸ்ட்ராண்ட் கடற்கரை. வடக்கே லாம்பே தீவும் தெற்கே அயர்லாந்துஸ் ஐ என்ற சின்னத் தீவும் தெரியும். 1930 ஜூன் 24 அன்று ஆஸ்திரேலிய விமானி சார்லஸ் கிங்ஸ்ஃபோர்ட் ஸ்மித் 'சதர்ன் கிராஸ்' விமானத்தை இந்த மணலிலிருந்துதான் கிளப்பி அட்லாண்டிக் கடலைத் தாண்டினார். நீர் வடிந்த நேரத்தில் நடந்து பாருங்கள், மணல் எவ்வளவு கெட்டி என்று காலுக்கே தெரியும். கடல் ஏற்ற இறக்க நேரத்தைக் காலையில் வரவேற்பில் கேட்டுக்கொண்டு போவது நல்லது.

சாப்பாட்டில் கவனம் வேண்டும். ஐரிஷ் காலை உணவில் கறுப்பு வட்டமாக இருக்கும் பிளாக் புட்டிங் பன்றி ரத்தத்தில் செய்வது, வெள்ளை வட்டமும் பன்றி இறைச்சிதான். அப்பா சைவம். ஓட்ஸ் கஞ்சி, காளான், தக்காளி, சோடா ரொட்டியும் வெண்ணெயும் என்று அவருக்குக் குறையில்லாமல் அமைந்தது. சைவம் என்பதை அறை பதிவு செய்யும்போதே எழுதிவிடுங்கள். அறையில் கெட்டில் இருந்ததால் எங்கள் தூள் ரசம் மாலையில் கைகொடுத்தது.

நகரத்துக்கு ஒரு நாள் போதும். தினமும் போய் வந்தால் வெளியே தங்கியதற்கே அர்த்தமில்லை. போர்ட்மார்னாக் நிலையம் ஹோட்டலிலிருந்து சற்றுத் தூரம், வயதானவர்களை நடக்க வைக்காமல் டாக்ஸி பிடியுங்கள். அங்கிருந்து டார்ட் என்ற புறநகர் ரயிலில் அரை மணிக்குள் பியர்ஸ் நிலையம், இறங்கினால் டிரினிட்டி கல்லூரி. ரயிலுக்கும் பேருந்துக்கும் பயன்படும் லீப் கார்டு வாங்கிக்கொள்ளுங்கள். டப்ளின் கோட்டை வளாகத்திலுள்ள செஸ்டர் பீட்டி அருங்காட்சியகத்துக்கும் தேசிய ஓவியக் கூடத்துக்கும் கட்டணம் இல்லை. திரும்பும்போது பலகையில் மலஹைட் (போர்ட்மார்னாக்கைத் தாண்டி வரும் ஊர்) என்று பார்த்து ஏறுங்கள். ஹோத் ஜங்ஷனில் பாதை இரண்டாகப் பிரிகிறது, ஹோத் ரயிலில் ஏறினால் வேறு ஊருக்குப் போய்விடுவீர்கள்.

கடைசி நாள் அறையைக் காலி செய்தபின் பெட்டிகளை வரவேற்பிலேயே வைத்துவிட்டு, மலஹைட் வரை கடலோரப் பாதையில் நடக்கலாம், ஒரு மணி நேரம் போல ஆகும். அப்பாவின் முழங்கால் பாதி வழியில் போதும் என்றது, பெஞ்சில் உட்கார்ந்து கடலைப் பார்த்துவிட்டுத் திரும்பினோம். விமான நிலையத்துக்கு 102ஆம் எண் பேருந்து இந்த ஊர் வழியாகவே போகிறது. பெட்டி இரண்டுக்கு மேல் இருந்தால் மட்டும் டாக்ஸி சொல்லுங்கள்.