மார்ஃபியின் ஓபரா ஆட்டத்தை எப்படிப் படிப்பது?

பழைய செஸ் ஆட்டங்களைப் படிக்க நினைக்கிறவர்கள் இதிலிருந்து ஆரம்பியுங்கள்: 1858-இல் பாரிஸ் ஓபரா அரங்கில், 21 வயது அமெரிக்கச் செஸ் வீரர் பால் மார்ஃபி வெள்ளை, பிரன்ஸ்விக் பிரபுவும் இசுவார் கோமகனும் சேர்ந்து கறுப்பு. மொத்தமே 17 நகர்த்தல்.

முதலில் என்ஜினை (நல்ல நகர்த்தலைக் கணக்கிட்டுச் சொல்லும் செஸ் மென்பொருளை) மூடுங்கள். நிஜப் பலகையில் காய்களை அடுக்கி, வெள்ளையின் அடுத்த நகர்த்தலைத் தாளால் மறைத்துவிட்டு, நீங்கள் என்ன ஆடுவீர்கள், ஏன் என்று எழுதிய பிறகே பாருங்கள்.

ஓப்பனிங், அதாவது ஆட்டத்தின் தொடக்க முறை, பிலிடோர்: கறுப்பின் ஈ5 சிப்பாய்க்கு டி6 சிப்பாய் காவல் (எழுத்து நெடுக்கு வரிசை, எண் குறுக்கு வரிசை). அதில் தப்பில்லை. வெள்ளை டி4 ஆடியதும் கறுப்பு பிஷப்பை ஜி4-க்குக் கொண்டுபோய்க் குதிரையைக் கட்டுகிறதே (குதிரை நகர்ந்தால் பின்னாலுள்ள ராணி வெட்டுப்படும்), சிக்கல் அங்கேதான். வெள்ளை ஈ5-இல் வெட்டுகிறது. கறுப்பு உடனே சிப்பாயால் திருப்பி வெட்டினால் ராணிகள் மாறிப்போகும், கட்டு அவிழும், குதிரை ஈ5 சிப்பாயைச் சும்மா எடுத்துக்கொள்ளும். அதனால் பிஷப்பைக் கொடுத்துக் குதிரையை வெட்டியே ஆகவேண்டும், வெள்ளை ராணி அதை வெட்டிக்கொண்டே களத்துக்கு வந்துவிடுகிறது. இதைப் பலகையில் இரண்டு மூன்று தடவை ஆடிப் பாருங்கள், ஓப்பனிங்கை மனப்பாடம் செய்வதைவிட இது ஆயிரம் மடங்கு உதவும்.

அப்புறம் 8-வது நகர்த்தலில் நன்றாக நேரம் எடுங்கள். பி7 சிப்பாய் இலவசமாகக் கிடைக்கிறது, எடுத்தாலும் வெள்ளைக்கு நல்ல நிலைதான், ஆனால் கறுப்பு ராணி பி4-இல் செக் வைத்து ராணிகளை மாற்றிக்கொள்ளும். மார்ஃபி அதை விட்டுவிட்டுக் குதிரையை சி3-க்குக் கொண்டுவருகிறார். ஏன்? கறுப்பு ராணி ஈ7-இல் நின்று தன் பிஷப்பையே அடைத்துக்கொண்டிருக்கிறது, அந்தப் பக்கம் கேஸ்லிங்குக்கு (ராஜாவையும் யானையையும் ஒரே நகர்த்தலில் நகர்த்துவதற்கு) வழியில்லை, ராஜா நடுவில் மாட்டிக்கொண்டிருக்கிறார்.

16-வதில் ராணியைப் பலி கொடுப்பதைத்தான் எல்லாரும் கொண்டாடுவார்கள். எனக்கு அதைவிடப் பெரியது 12-வது, நீளக் கேஸ்லிங், அதாவது ராணிப் பக்கக் கேஸ்லிங்: ஒரே நகர்த்தலில் ராஜா பத்திரம், யானை டி வரிசையில். கடைசியில் செக்மேட் விழும்போது கறுப்பின் எஃப்8 பிஷப்பும் எச்8 யானையும் அசையவே இல்லை, பாருங்கள்.

இப்போது என்ஜினைத் திறந்து, நீங்கள் எழுதியதை மட்டும் சரிபாருங்கள். சரி, அது முடிந்ததும் 3-வது நகர்த்தலுக்கே திரும்பிப்போய், கறுப்புக்கு ஜி4 பிஷப்புக்குப் பதிலாக டி4 சிப்பாயை வெட்டவைத்து, ஒரு நண்பரோடு அங்கிருந்து ஆடுங்கள்.