பகற்கனவு நேரத்தைத் தின்னும்போது

கோலாலம்பூரின் மஸ்ஜித் ஜாமெக் நிலையத்தில் எல்ஆர்டி ரயில் ஏறியவர், பகற்கனவில் மூழ்கி கேஎல் சென்ட்ரலில் இறங்க மறந்து, அடுத்த நிலையமான பங்சாரில் விழித்துக்கொள்வது எப்போதாவது நடந்தால் சிரித்துவிட்டுப் போகலாம்; மனத்துக்குள் ஓடும் கதையை விட மனமில்லாமல் வேண்டுமென்றே இன்னும் இரண்டு நிலையங்கள் போகத் தோன்றினால், அதைக் கவனித்தாக வேண்டும். இப்பழக்கத்துக்கு 2002இல் ‘maladaptive daydreaming’ (வாழ்க்கையைக் கெடுக்கும் பகற்கனவு) என்று தனிப்பெயர் சூட்டியவர் ஹைஃபா பல்கலைக்கழக உளவியலாளர் எலி சோமர். கற்பனை என்று தெரிந்தே அதில் மூழ்குவதால் இது மனப்பிறழ்வு அன்று. மனநோய்களை வகைப்படுத்தும் அமெரிக்க டிஎஸ்எம்-5 கையேட்டிலும் தனி நோயாக இடம்பெறவில்லை.

முதலில் ஒரு வாரத்துக்குக் குறிப்பெடுங்கள்: கனவு எப்போது, எதையொட்டித் தொடங்கியது, எவ்வளவு நேரம் நீடித்தது. பலருக்குப் பாட்டுதான் தூண்டுகோல். இயர்ஃபோனை மாட்டிக்கொண்டு அறைக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்தால் கதை தானாக ஓடத் தொடங்கிவிடும். பாட்டை அடியோடு விடுவது மூன்று நாளைக்குமேல் தாங்காது என்பது என் கணிப்பு. ஆகவே பாத்திரம் கழுவும்போதோ துணி மடிக்கும்போதோ மட்டும் கேளுங்கள். கனவில் இறங்கிவிட்டதை உணர்ந்தால், உங்களைத் திட்டிக்கொள்ளாமல், கையிலுள்ள தே தாரிக் (நுரை பொங்க ஆற்றிய பால் தேநீர்) குவளையின் சூட்டையும் அதன்மேல் அடங்கும் நுரையையும் நிதானமாகக் கவனியுங்கள்.

படிப்பு, வேலை, தூக்கம் கெடுமளவுக்குப் போனால், அருகிலுள்ள அரசாங்கக் கிளினிக்கில் மருத்துவரிடம் பேசுங்கள். கவனக்குறைவோ பதற்றமோ மனச்சோர்வோ உடன் இருக்கிறதா என்று பார்த்து, தேவையானால் மனநலப் பிரிவுக்குக் கடிதம் தருவார்.