ஊசியிலை மரத் தண்டுகளைப் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஊசியிலை மரங்களின் இலையமைவை (தண்டில் இலைகள் தோன்றும் ஒழுங்கை) குறிக்கையில் நேரும் பிழைகளில் பல, இலை எந்தப் பக்கம் நீண்டிருக்கிறது என்பதைப் பார்த்துவிட்டு, அது தண்டில் எங்கே தோன்றியது என்பதைப் பார்க்காமல் விடுவதால் வருகின்றன. இமயமலை யூ மரத்தின் கிளையில் இலைகள் இருபுறமும் சீப்பின் பற்களைப்போல் நிற்பதைக் கண்டு, ‘இரு வரிசை அமைவு’ என்று எழுதிவிடுகிறார்கள். இலையின் அடிப்பகுதியைக் கைலென்ஸில் பார்த்தால், இலைகள் தண்டைச் சுற்றிச் சுழல்வரிசையில் தோன்றிப் பின்னர் காம்பு முறுகியதால் பக்கவாட்டில் திரும்பியிருப்பது புலப்படும். அதேபோன்று தட்டையாகத் தோன்றும் மெட்டாசெக்வோயா என்னும் ஊசியிலை மரத்திலோ இலைகள் உண்மையிலேயே எதிரெதிராகப் பிறக்கின்றன.

பைன் மரத்தில் ஊசிகளையே எண்ணிவிடக் கூடாது. சிர் பைனில் மூன்று மூன்றாகக் காணப்படும் ஊசிக்கொத்து ஒவ்வொன்றும், ஒரு செதிலிலையின் கக்கத்தில் முளைத்த குறுங்கிளை. நெடுங்கிளையின் இலையமைவு அந்தச் செதிலிலைகளின் வரிசையே. சுழல் அமைவில் அடுத்தடுத்த இலைகளுக்கு இடையே இருப்பதாகச் சொல்லப்படும் 137.5 பாகைக் கோணத்தை ஒவ்வோர் இடத்திலும் துல்லியமாக எதிர்பார்ப்பதும் சரியன்று.

இவற்றைவிட ஆழமான தவறு, நீரையும் உணவையும் கடத்தும் வாஸ்குலார் திசுவைப் பற்றியது. பெரணிகளில் உள்ளதுபோல, இத்திசுவாலான ஒரு முழுக்குழாயை, இலைக்குக் கிளை பிரியுமிடங்களில் உண்டாகும் இலை இடைவெளிகள் துண்டாக்கியதால்தான் தண்டில் இத்திசுவின் தனித்தனிக் கற்றைகள் உண்டாயின என்று ஊசியிலை மரங்களுக்கும் நெடுங்காலம் சொல்லப்பட்டது. தாவரவியலாளர்களான நம்பூதிரியும் பெக்கும் 1968இல் வெளியிட்ட ஒப்பாய்வு அதை மறுத்தது: தண்டில் நெடுக ஓடும் தனித்தனிக் கற்றைகளே அடிப்படை, அவற்றின் பக்கத்திலிருந்து ஒவ்வோர் இலைக்கும் ஒரு கிளைக்கற்றை பிரிகிறது. சுழல் அமைவில் தண்டுக் கற்றைகள் பெரும்பாலும் 5, 8, 13 போன்ற ஃபிபனாச்சி எண்ணிக்கையில் (முந்தைய இரண்டின் கூட்டலே அடுத்த எண்ணாகும் வரிசையில்) இருக்கும். எட்டுக் கற்றைகள் உள்ள தண்டில் 1, 9, 17ஆம் இலைகள் ஒரே கற்றையிலிருந்து கிளை பெறுகின்றன என்பதைத் தொடர்ந்து பார்க்கும்போது, இலையமைவும் கற்றையமைவும் ஒரே ஒழுங்கின் இரு முகங்கள் என்பது விளங்குகிறது. இப்பாடத்தின் அழகே அதுதான்.

இதை ஒரே குறுக்குவெட்டில் காண முடியாது. வளையத்தில் தெரியும் கற்றைகளில் எது தண்டுக்குரியது, எது இலைக்குப் போவது என்பதை, நுனியிலிருந்து கீழ்நோக்கித் தொடர் வெட்டுகள் எடுத்து, ஒவ்வொரு கற்றைக்கும் எண்ணிட்டுப் பின்தொடர்ந்தே சொல்ல வேண்டும். நுனிக்கருகில், பின்னர் வாஸ்குலார் திசுவாக மாறும் புரோகேம்பியம் இழையொன்று, இலையின் தொடக்கநிலையான இலைத் தோற்றுவி புடைக்குமுன்பே அவ்விடத்தை நோக்கிக் கீழிருந்து வளர்ந்திருக்கலாம். அதனால் இழைதான் இலையின் இடத்தைத் தீர்மானித்தது என்று உடனே முடிவுகட்டக் கூடாது. ஆக்சின் என்னும் தாவர ஹார்மோனின் ஓட்டம் இரண்டையும் ஒருங்கே வழிநடத்தக்கூடும்; ஆனால் அதைப் பற்றிய விரிவான சான்றுகளில் பெரும்பகுதி அராபிடாப்சிஸ் என்னும் பூக்கும் தாவரத்திலிருந்து கிடைத்தவை என்பதால், அவற்றை அப்படியே பைனுக்குப் பொருத்திவிடலாகாது.