லைசென்ஸ் வேண்டாத மின் ஸ்கூட்டர்: வாங்குவோரும் ஓட்டுவோரும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

‘லைசென்ஸ் வேண்டாம், ஆர்.சி. வேண்டாம்’ என்று கடைக்காரர் சொல்வதை அப்படியே நம்பி மின் ஸ்கூட்டர் வாங்குவதே முதல் தவறு. மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989 இந்தச் சலுகையைச் சில நிபந்தனைகளோடுதான் தருகின்றன. மோட்டாரின் முப்பது நிமிடத் திறன் (அதாவது அரை மணி நேரம் தொடர்ந்து தரக்கூடிய திறன்) 250 வாட்டுக்குக் குறைவாகவும், உச்ச வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குக் குறைவாகவும், பேட்டரி நீங்கலாக வண்டியின் எடை 60 கிலோவுக்கு மிகாமலும் இருக்க வேண்டும். பிரேக்கும், முன்புறம் வெள்ளை, பின்புறம் சிவப்பு ஒளி பிரதிபலிப்பானும் பொருத்தியிருக்க வேண்டும். இவை அனைத்தையும் அங்கீகாரம் பெற்ற சோதனை நிறுவனம் ஒன்று சரிபார்த்துச் சான்றளித்த பிறகே அந்த வண்டி ‘மோட்டார் வாகனம்’ என்ற வரையறையிலிருந்து விலகுகிறது. ஆகவே பணம் கட்டுமுன் அந்தச் சான்றிதழின் நகலைக் கேட்டு வாங்கி, அதிலுள்ள மாடல் பெயரும் வண்டியிலுள்ள பெயரும் ஒன்றுதானா என்று எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். சான்றிதழைக் காட்டத் தயங்கும் கடையில் வாங்காமல் திரும்பிவிடுவதே நல்லது.

இதைவிடப் பெரிய தவறு, வாங்கிய பிறகு வேகக் கட்டுப்பாட்டை நீக்குவது. மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலரிலிருந்து வரும் ஓர் ஒயரைத் துண்டித்தாலோ, அதன் அமைப்பை மாற்றினாலோ 25-இல் நின்ற வண்டி 40-ஐத் தொட்டுவிடக்கூடும். அந்த நொடியிலேயே அது சட்டத்தின் பார்வையில் பதிவில்லாத, காப்பீடில்லாத மோட்டார் வாகனமாகிவிடுகிறது. ஓட்டுபவரிடம் உரிமம் இல்லையென்றால் அதற்கு மட்டும் 5,000 ரூபாய் அபராதம் உண்டு. காப்பீடு இல்லாததற்கு முதல் முறை 2,000 ரூபாயும், ஹெல்மெட் அணியாததற்கு 1,000 ரூபாயும் தனித்தனியே சேரும். அபராதத்தைக் கூடக் கட்டிவிடலாம். ஆனால் அந்த வண்டி யார் மீதாவது மோதி அவர் கால் முறிந்தால், இழப்பீடு முழுவதையும் உரிமையாளரே தம் கையிலிருந்து கொடுக்க நேரும் என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை.

வேகம் கூடிய மின் ஸ்கூட்டர்களைப் பொறுத்தவரை வேறொரு குழப்பம் நிலவுகிறது. பேட்டரி வாகனங்களுக்குப் பதிவுச் சான்றிதழ்க் கட்டணம் கிடையாது என்று 2021 ஆகஸ்டில் மத்திய அரசு அறிவித்ததைப் பதிவே தேவையில்லை என்று சிலர் புரிந்துகொண்டார்கள். விலக்கு கட்டணத்துக்கு மட்டுமே. பதிவு, உரிமம், காப்பீடு, ஹெல்மெட் ஆகிய அனைத்தும் பெட்ரோல் வண்டிக்கு இருப்பது போலவே கட்டாயம். சொந்தப் பயன்பாட்டு வண்டியின் நம்பர் பிளேட் பச்சைப் பின்னணியில் வெள்ளை எழுத்தோடு இருக்க வேண்டும்.

பள்ளிப் பிள்ளைகளிடம் வண்டியைக் கொடுக்கும் பெற்றோர் மிகுந்த கவனத்தோடு இருக்க வேண்டும். பதிவுக்குரிய வண்டியைச் சிறார் ஓட்டிக் குற்றம் நிகழ்ந்தால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 199ஏ பிரிவின்படி பெற்றோருக்கோ உரிமையாளருக்கோ மூன்று ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் விதிக்கப்படலாம். அந்தப் பிள்ளைக்கு 25 வயது வரை உரிமம் கிடைக்காது.

சலுகைக்குரிய வண்டிதானே என்று ஒருவழிப் பாதையில் எதிரே வருவதும், சிவப்பு விளக்கைத் தாண்டுவதும் தவறே. இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சம்ஹிதாவின் 281-ஆவது பிரிவு, பொது வழியில் உயிருக்கு ஆபத்து விளையும்படி எந்த வாகனத்தை ஓட்டினாலும் பொருந்தும்; அங்கே மோட்டார் வாகனம், மற்ற வாகனம் என்ற பாகுபாடு இல்லை.