எக்ஸ்டென்ஷனைப் போட்டுவிட்டு மறந்துபோவது

ஒரே நேரத்தில் நாற்பது ஐம்பது டேப் திறந்து வைப்பவர்களுக்கு ‘தி கிரேட் சஸ்பெண்டர்’ பெரிய உதவியாக இருந்தது. பார்க்காத டேப்களைத் தூங்க வைத்துக் கணினியின் நினைவகத்தை மிச்சப்படுத்தும் குரோம் எக்ஸ்டென்ஷன், அதாவது குரோம் உலாவியில் நாம் சேர்த்துக்கொள்ளும் சிறு நிரல் அது. 20 லட்சத்துக்கும் அதிகமானோர் வைத்திருந்தார்கள். அதன் நிரல், நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் யார் வேண்டுமானாலும் படிக்கும்படி கிடந்தது. 2020 ஜூனில் அதை உருவாக்கியவர் விற்றுவிட்டார். வாங்கியது யார் என்று வெளியே தெரியவில்லை. அக்டோபரில் வந்த அப்டேட்டில், வெளி சர்வரிலிருந்து நிரலை இழுத்துவந்து ஓட்டும் வழி சேர்ந்திருந்தது. கிட்ஹப்பில் அந்தப் பதிப்பே இல்லை. 2021 பிப்ரவரியில் கூகுள் அதைத் தீநிரல் என்று முடக்கியது.

இதைப் போட்டவர்கள் போட்ட அன்று எந்தத் தவறும் செய்யவில்லை. நல்ல பெயர், நல்ல மதிப்பீடு, திறந்த நிரல் என எல்லாம் சரியாக இருந்தன. நாம் சோதிப்பது அந்த ஒரு நாள்தான். எக்ஸ்டென்ஷனோ வருடக்கணக்கில் மாறிக்கொண்டே இருக்கிறது.

போடும்போது குரோம் ஒரு வரி காட்டும்: எல்லா இணையதளங்களிலும் உள்ள உங்கள் தரவைப் படிக்கலாம், மாற்றலாம் என்று. இதைப் படிக்காமல் சம்மதிப்பதுதான் என் பார்வையில் மிகப் பெரிய தவறு. நெட்பேங்கிங் பக்கத்தில் தெரியும் இருப்புத் தொகை, திறந்திருக்கும் மின்னஞ்சல், பாஸ்வேர்டுப் பெட்டியில் தட்டும் எழுத்துகள் எல்லாம் அந்த ஒரு வரிக்குள் அடக்கம். அப்டேட் கூடுதல் அனுமதி கேட்டால் குரோம் எக்ஸ்டென்ஷனை நிறுத்திவைத்து நம்மைக் கேட்கும். முதல் நாளே எல்லாவற்றையும் கொடுத்துவிட்டால் அப்புறம் கேட்க என்ன இருக்கிறது? உரிமையாளர் மாறினாலும் அப்டேட் சத்தமில்லாமல் உள்ளே வந்துவிடும்.

இதற்கு வழி இருக்கிறது, பலர் திறந்து பார்ப்பதில்லை. எக்ஸ்டென்ஷனின் விவரப் பக்கத்தில், எல்லாத் தளங்களிலும், குறிப்பிட்ட தளங்களில் மட்டும், அல்லது கிளிக் செய்யும்போது மட்டும் என்று தேர்ந்தெடுக்கலாம். ஸ்கிரீன்ஷாட் எடுக்கும் கருவிக்குக் கடைசி வகையே போதும். வங்கி வேலைக்கு எக்ஸ்டென்ஷனே இல்லாத தனி குரோம் புரொஃபைல் வைத்துக்கொள்ளுங்கள்.

பயந்துபோய் அப்டேட்டை நிறுத்திவிடுவது அடுத்த தவறு. வீடியோ, விளையாட்டு போன்றவற்றை ஓட்ட உலாவியில் சேர்த்திருந்த ஃபிளாஷ், ஜாவா பிளகின்கள் பழைய பதிப்பிலேயே கிடந்ததால்தான் ஒரு காலத்தில் அத்தனை கணினிகள் தாக்கப்பட்டன. ஃபிளாஷுக்கான ஆதரவு 2020 டிசம்பர் 31-ஓடு முடிந்துவிட்டது. இன்று ‘ஃபிளாஷை அப்டேட் செய்யுங்கள்’ என்று எந்தப் பக்கம் சொன்னாலும் அது பொறி. எக்ஸ்டென்ஷனே வேண்டாம் என்பதும் சரியல்ல. பாஸ்வேர்டுகளைச் சேமித்து நிரப்பும் பாஸ்வேர்டு மேனேஜர் எக்ஸ்டென்ஷன், போலித் தளத்தின் முகவரி வேறாக இருப்பதைக் கண்டு தானாக நிரப்பாமல் நின்றுவிடும். நம் கண் ஏமாறும் இடம் அது.

எக்ஸ்டென்ஷன் கெட்டது தெரிந்ததும் நீக்கிவிட்டு நிம்மதியாகிவிடுவதும் உண்டு. 2024 டிசம்பரில் சைபர்ஹேவன் என்ற தரவுப் பாதுகாப்பு நிறுவனத்தின் ஊழியர் ஒருவரைப் போலி மின்னஞ்சலால் ஏமாற்றி, அதன் எக்ஸ்டென்ஷனில் தீய பதிப்பை ஏற்றினார்கள். சுமார் 4 லட்சம் பேர் பயன்படுத்திய அதில், ஒரு நாளுக்குச் சற்று அதிகமாக அந்தப் பதிப்பு இருந்தது. குறிவைத்தது குறிப்பாக ஃபேஸ்புக் விளம்பரக் கணக்குகளின் லாகின் குக்கிகளை, அதாவது நாம் ஏற்கெனவே உள்நுழைந்திருப்பதைத் தளத்துக்குக் காட்டும் சிறு தரவுகளை. திருடுபோன குக்கி, எக்ஸ்டென்ஷனை நீக்கினாலும் திருடனிடம் வேலை செய்யும். ஆகவே நீக்கியதும் மின்னஞ்சல், வங்கி, சமூக வலைதளம் என்று ஒவ்வொரு கணக்கிலும் எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறும் வசதியை அழுத்துங்கள், பாஸ்வேர்டை மாற்றுங்கள். முடிந்தால் இதை வேறொரு கணினியிலிருந்து செய்யுங்கள்.